பல் மருத்துவர் தரும் பில்லும் வருமான வரிக் கழிவும்: நீலகிரிக் கணக்குகளை வைத்து ஒரு விளக்கம்

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஆண்டுதோறும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வருமான வரிக் கணக்குத் தாள் கைமாறும். அதோடு ரூட் கெனால் செய்த பில், பல் செட் கட்டிய ரசீது, இம்ப்ளான்ட் வைத்ததற்கான மதிப்பீட்டுத் தாள் ஆகியவற்றையும் சேர்த்துக் குத்திக் கொடுப்பவர்கள் உண்டு. ‘பல் செலவுக்கு 50,000 ரூபாய் வரை வரிவிலக்கு’ என்ற ஒரு வரிச் செய்தி கைப்பேசிகளில் சுற்றுவதே இதற்குக் காரணம். அந்தச் செய்தியை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் உண்மையாக இருக்கும் பகுதி மிகச் சிறியது. யாருக்கு, எந்த நிபந்தனையில், எந்த வரி முறையில் அது பொருந்தும் என்ற மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டு அந்த வரி மட்டும் பரவுவதால்தான் குழப்பம் வருகிறது. அந்த மூன்று கேள்விகளையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

விலக்கு, கழிவு, தள்ளுபடி

பேச்சு வழக்கில் மூன்றையுமே ‘வரிவிலக்கு’ என்கிறோம். சட்டத்தில் இவை மூன்றும் வேறு வேறு.

1. விலக்கு என்பது, ஒரு வருமானம் வரிக் கணக்குக்குள்ளேயே வராமல் இருப்பது. விவசாய வருமானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

2. கழிவு என்பது, கணக்குக்குள் வந்த மொத்த வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வது. 50,000 ரூபாய் கழிவு என்றால் வரியில் 50,000 குறையும் என்று பொருளல்ல. வருமானத்தில்தான் அந்தத் தொகை குறையும். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, 4 சதவீதக் கூடுதல் தீர்வையையும் சேர்த்து, கையில் மிஞ்சுவது 10,400 ரூபாய். 5 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 2,600 ரூபாய் மட்டுமே.

3. தள்ளுபடி என்பது, வரியைக் கணக்கிட்டு முடித்த பிறகு அந்த வரியிலேயே குறைப்பது. 87ஏ பிரிவின் கீழ், குறிப்பிட்ட வருமானம் வரை உள்ளவர்களுக்கு வரி சுழியமாவது இப்படித்தான்.

பல் செலவு இந்த மூன்றில் கழிவு என்ற பிரிவுக்குள்தான் வர முடியும். அதுவும் நேர் வழியில் வருவதில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது

இரண்டு இடங்களிலிருந்து வந்தது எனலாம். முதலாவது, வெளிநாட்டுச் சட்டங்கள். அயர்லாந்தில் வழக்கமான பல் பிடுங்குதல், சுத்தம் செய்தல், அடைத்தல் ஆகியவை நீங்கலான பல் சிகிச்சைகளுக்கு, மருத்துவர் நிரப்பித் தரும் ‘மெட் 2’ என்ற படிவத்தை வைத்து 20 சதவீத வரிச் சலுகை பெறலாம். மலேசியாவில் மருத்துவச் செலவுக்கான வரி நிவாரணத்துக்குள் பல் பரிசோதனை, சிகிச்சைக்கு 1,000 ரிங்கிட் என்று தனி வரம்பே உண்டு. அங்கே இருக்கும் உறவினர் அனுப்பும் காணொளியோ குறிப்போ ஊர்ப் பெயர் உதிர்ந்து இங்கே வந்து சேரும்போது, அது நம் நாட்டுச் சட்டம் போலத் தோன்றிவிடுகிறது.

இரண்டாவது, நம் பழைய நினைவு. சம்பளம் பெறுவோர் மருத்துவ பில்களைக் கொடுத்து ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை வரியில்லாமல் திரும்பப் பெறும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. மருந்துக் கடை பில், கண்ணாடி பில், பல் மருத்துவர் பில் எல்லாம் அதில் செல்லுபடியாயின. 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கி, அதற்கும் போக்குவரத்துப் படிக்கும் பதிலாக 40,000 ரூபாய் நிலைக் கழிவைக் கொண்டுவந்தது. அந்தத் தொகை இப்போது, கழிவுகள் பலவும் உள்ள பழைய வரி முறையில் 50,000 ரூபாயாகவும், அவற்றில் பெரும்பாலானவை இல்லாத புதிய வரி முறையில் 75,000 ரூபாயாகவும் இருக்கிறது. அதற்கு பில் எதுவும் தேவையில்லை. ஆகவே 60 வயதுக்குக் குறைந்த ஓர் ஊழியர் தன் கடைவாய்ப் பல்லுக்குச் செய்த ரூட் கெனால் பில்லை அலுவலகத்தில் கொடுப்பதால் இன்று எந்தப் பயனும் இல்லை. பழக்கம் மட்டும் நீடிக்கிறது.

80டி பிரிவு சொல்வது என்ன

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு மருத்துவக் காப்பீட்டுக்கானது. தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் தன்னைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் கட்டும் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அவர்களில் மூத்த குடிமக்கள் இருந்தால் வரம்பு 50,000. பெற்றோருக்குக் கட்டினால் அதற்குத் தனியாக இன்னொரு 25,000 அல்லது 50,000. பெற்றோர் தன்னைச் சார்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. ஆனால் மாமனார், மாமியாரைச் சட்டம் சேர்க்கவில்லை. மருமகன் கட்டிய பல் செட் பில் எவ்வளவு பாசத்தோடு கட்டப்பட்டதானாலும் அவர் கணக்கில் ஏறாது.

இந்தப் பிரிவில் பல் என்ற சொல்லே கிடையாது. பல் செலவு நுழையும் இடுக்கு, மூத்த குடிமக்களின் ‘மருத்துவச் செலவு’ பற்றிய பகுதியில் இருக்கிறது. தொடக்கத்தில் 80 வயது கடந்தோருக்கு மட்டுமே இருந்த அந்த ஏற்பாடு, 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் 60 வயதானவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் நிபந்தனைகள் இவை:

1. சிகிச்சை பெற்றவர் அந்த நிதியாண்டில் ஏதாவது ஒரு நாளிலாவது 60 வயதை எட்டியிருக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும்.

2. அவர் உடல்நலத்துக்கான காப்பீடு எதற்கும் அந்த ஆண்டில் தொகை கட்டப்பட்டிருக்கக் கூடாது.

3. செலவைச் செய்தவர்தான் கழிவு கோர முடியும். தாயின் சிகிச்சைக்கு மகள் பணம் கட்டினால் மகளின் கணக்கில்தான் அது ஏறும்.

4. பணம் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது. காசோலை, அட்டை, கைப்பேசிப் பரிவர்த்தனை ஆகியவை ஏற்கப்படும்.

5. வரம்பு 50,000 ரூபாய். தந்தைக்குப் பிரீமியம், தாய்க்கு மருத்துவச் செலவு என்று இரண்டுமே இருந்தால் இரண்டும் சேர்ந்தே அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

6. வரி செலுத்துபவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

நான்காவது நிபந்தனையில் மலையூர்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமும் கைப்பேசிச் சமிக்ஞையும் ஒன்றாகப் போய்விடும் நாளில், ‘ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்’ என்று மருத்துவமனையில் சொன்னால் கொடுத்துவிட்டு வருவதே இயல்பு. அப்படிக் கொடுத்த தொகைக்குப் பக்காவான ரசீது இருந்தாலும் கழிவு கிடையாது. ஒரு பகுதியை அட்டையிலும் ஒரு பகுதியை ரொக்கமாகவும் கொடுத்திருந்தால் அட்டையில் கொடுத்த பகுதி மட்டும் கணக்கில் வரும்.

‘காப்பீடு இல்லாதவர்’ யார்?

இரண்டாவது நிபந்தனைதான் நீலகிரியில் மிகப் பெரிய கூட்டத்தை வெளியே நிறுத்துகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வருவாய்த் துறை, வனத்துறை, மின்வாரிய ஊழியர்கள் என ஓய்வூதியர் நிறைந்த மாவட்டம் இது. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு ஏற்பாட்டில், மாதந்தோறும் 497 ரூபாய் சந்தா ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படும். ஆண்டுக்கு 5,964 ரூபாய். திட்டத்தில் வாழ்க்கைத் துணையும் அடங்குவார்.

அந்தச் சந்தா, சட்டத்தின் பார்வையில், அவருடைய உடல்நலத்துக்காகக் கட்டப்பட்ட காப்பீட்டுத் தொகை. ஆகவே குன்னூரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து 70,000 ரூபாய் செலவழித்தாலும், அவர் கோரக்கூடியது சந்தாத் தொகையான 5,964 ரூபாய் மட்டுமே. ‘அந்தக் காப்பீடு பல்லுக்குத் தருவதில்லையே, பிறகு எப்படி நான் காப்பீடு உள்ளவன்?’ என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் காப்பீடு எதை ஈடுசெய்கிறது என்பதை இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அந்த நபரின் உடல்நலத்துக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. சட்டம் எழுதியவர்கள், காப்பீடு கிடைக்காத முதியவர்களை மனத்தில் வைத்து எழுதினார்கள். காப்பீடு இருந்தும் அது கைகொடுக்காத செலவு என்று ஒன்று இருப்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பல் சிகிச்சை முழுக்க அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஏனென்றால், பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாகப் படுத்தால்தான் பணம் தரும். படுக்கத் தேவையில்லாத பகல்நேரச் சிகிச்சைகளின் பட்டியல் ஒன்று இருந்தாலும், விபத்தில் அடிபட்டுச் செய்ய நேரும் பல் சிகிச்சை தவிர மற்றவற்றை விலக்கி வைப்பதே வழக்கம். பல் சிகிச்சையோ நாற்காலியில் சாய்ந்து அரை மணி நேரத்தில் முடிகிறது, நான்கு முறை வரச் சொல்கிறது, ஒவ்வொரு முறையும் பணம் கேட்கிறது. வெளிநோயாளிச் செலவையும் ஈடுசெய்யும் கூடுதல் இணைப்பைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அந்த இணைப்புக்குக் கட்டும் பிரீமியமும் 80டி-க்குள் வரும்.

நிபந்தனை ஒவ்வொரு நபருக்கும் தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். மகன் தனக்கும் மனைவி மக்களுக்கும் காப்பீடு வைத்திருக்கிறார், 68 வயதுத் தாய்க்கு எந்தக் காப்பீடும் இல்லை என்றால், தன் பிரீமியத்துக்கு 25,000 வரையும் தாயின் பல் செலவுக்கு 50,000 வரையும் இரண்டையும் அவர் கோரலாம்.

சிக்கலான ஓர் இடமும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை தாயின் பெயரில் இருக்கிறது, பிரீமியத்தை அரசு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘காப்பீட்டுக்குத் தொகை எதுவும் கட்டப்பட்டிருக்கக் கூடாது’ என்று சட்டம் சொல்கிறதே தவிர, யார் கட்டியிருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கறாராகப் படித்தால் அரசு கட்டியதும் கட்டியதுதான். இத்தகைய கணக்கை ஆடிட்டரிடம் காட்டாமல் தாக்கல் செய்வது நல்லதல்ல.

எது சிகிச்சை, எது அழகு

‘மருத்துவச் செலவு’ என்பதற்கு 80டி வரையறை தரவில்லை. வழக்குச் சொல்லின் பொருளிலேயே அதைக் கொள்ள வேண்டியிருக்கிறது. பல் மருத்துவர்கள் தனிப் பதிவேட்டில் பதிவு பெறுவதால், பல் மருத்துவம் ‘மருத்துவம்’ ஆகுமா என்று சிலர் ஐயப்படுகிறார்கள். அந்த ஐயத்துக்கு இடமில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது வரையறையே, பற்களுக்கும் அவற்றைத் தாங்கும் அமைப்புகளுக்கும் செய்யும் பரிசோதனை, அடைத்தல், கேப் போடுதல், பிடுங்குதல், அறுவை ஆகியவற்றைப் பல் சிகிச்சை என்றே அழைக்கிறது.

ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. 80டி பேசுவது உடல்நலத்துக்கான செலவைப் பற்றி. சொத்தைப் பல்லுக்கு ரூட் கெனால், ஈறு நோய்க்கு அறுவை, மெல்ல முடியாமல் போனதால் பல் செட், விழுந்த பல்லின் இடத்தில் இம்ப்ளான்ட் ஆகிய அனைத்தும் உடல்நலம் சார்ந்தவை என்று உறுதியாக வாதிடலாம். பற்களை வெண்மையாக்குதல், சிரிப்பு அழகாக இருக்க முன்பற்களில் மெல்லிய ஓடு ஒட்டுதல் ஆகியவற்றுக்கு அந்த வாதம் நிற்காது. சரக்கு சேவை வரியில் இந்தக் கோடு வெளிப்படையாகவே போடப்பட்டிருக்கிறது: மருத்துவச் சேவைக்கு அந்த வரி இல்லை, ஆனால் அழகுக்கான அறுவைக்கு உண்டு, அதிலும் பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் கெட்ட உடலமைப்பைச் சீராக்கும் அறுவைக்கு இல்லை. வருமான வரிச் சட்டத்தில் இவ்வளவு தெளிவான வாசகம் கிடையாது என்றாலும், பில்லில் இன்ன பல்லுக்கு இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை என்று எழுதியிருப்பது பின்னால் கேள்வி வந்தால் துணை நிற்கும். ‘பல் வேலை – 40,000’ என்ற ஒற்றை வரி பில் எதற்கும் உதவாது.

மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போய் வந்த கார் வாடகையைச் சேர்க்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இம்ப்ளான்ட் போன்ற வேலைகளுக்கு உதகைக்காரர்கள் ஏறக்குறைய 85 கிலோமீட்டர் இறங்குகிறார்கள், கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டு கடந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போகிறார்கள். பயணத்தையும் தங்குமிடத்தையும் மருத்துவச் செலவாகக் கொள்ள 80டி-யில் ஆதாரம் இல்லை.

பரிசோதனைக்கு 5,000

வயது வரம்பில்லாமல் எல்லோருக்கும் உள்ள ஒரே வழி, முன்தடுப்பு உடல்நலப் பரிசோதனைக்கான 5,000 ரூபாய். இது 25,000 அல்லது 50,000 வரம்புக்குள் அடங்கியது. இதை ரொக்கமாகவும் செலுத்தலாம். பல் பரிசோதனையை இதில் சேர்ப்பதைத் தடுக்கும் வாசகம் சட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனையில் சொத்தை தெரிந்து அன்றே அடைத்துவிட்டால், அடைத்ததற்கான கட்டணம் சிகிச்சையாகிவிடும். பில்லில் இரண்டையும் பிரித்து வாங்க வேண்டும்.

தோட்ட மருத்துவமனையில் பிடுங்கிய பல்

தேயிலைத் தோட்டங்களில் மருத்துவ வசதி செய்து தர வேண்டிய கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்களின்மேல் வைத்தது. அப்படி உருவான தோட்ட மருத்துவமனைகளில் பெரிய தோட்டங்களின் எழுத்தர், களமேற்பார்வையாளர், அதிகாரி ஆகியோரும் சிகிச்சை பெறுகிறார்கள். முதலாளி இலவசமாகத் தரும் வசதி பொதுவாகச் சம்பளத்தின் பகுதியாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். ஆனால் முதலாளியே நடத்தும் மருத்துவமனையில் ஊழியருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ தரப்படும் சிகிச்சையின் மதிப்பை 17(2) பிரிவு அந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. என்ன நோய், எவ்வளவு செலவு என்ற வரம்பு இதில் இல்லை. பல்லும் அடங்கும். இது கழிவு அல்ல என்பதால் புதிய வரி முறையிலும் செல்லும்.

அரசு மருத்துவமனையிலோ, அரசு தன் ஊழியர்களுக்கென அங்கீகரித்த மருத்துவமனையிலோ ஊழியர் செய்த செலவை முதலாளி திருப்பித் தந்தாலும் இதே பாதுகாப்பு உண்டு. வருமான வரித் துறைத் தலைமை ஆணையர் அங்கீகரித்த தனியார் மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது. அதில் கண், காது, மூக்கு, தொண்டை வரை பெயர் சொல்லப்படுகிறது, பல் சொல்லப்படவில்லை. தாடை எலும்பு முறிந்து அறுவை செய்தால் எலும்பு முறிவு என்ற தலைப்பில் நுழையலாம். சாதாரணத் தனியார் பல் மருத்துவமனையில் செய்த செலவை நிறுவனம் திருப்பித் தந்தால் அந்தத் தொகை முழுவதும் சம்பளமாகிவிடும்.

பசுந்தேயிலை விற்பவருக்கு இந்தக் கேள்வியே எழாமல் போகலாம்

கழிவு வேண்டுமென்றால் கழிப்பதற்கு வரிக்குரிய வருமானம் இருக்க வேண்டும். கோத்தகிரி, மஞ்சூர், எடப்பள்ளி வட்டாரங்களில் இரண்டு மூன்று ஏக்கரில் பசுந்தேயிலை பறித்து, இன்கோசர்வ் இணையத்தின் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ தனியார் தொழிற்சாலைக்கோ போடும் விவசாயியின் வருமானம் முழுக்க விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. தானே வளர்த்துத் தானே தூளாக்கி விற்பவருக்கு மட்டும் விதி 8 பொருந்தும்: வருமானத்தில் 60 சதவீதம் விவசாயமாகவும் 40 சதவீதம் வணிகமாகவும் கொள்ளப்படும். பழனிமலையின் தாழ்ந்த சரிவுகளில் காப்பி வளர்த்துப் பதப்படுத்தி விற்பவருக்கு 25 சதவீதம், வறுத்து அரைத்தும் விற்பவருக்கு 40 சதவீதம் வணிக வருமானமாகும். கொடைக்கானல் மேல்மலைப் பூண்டு விவசாயிக்கு இந்தப் பிரிப்பே இல்லை.

ஆகவே, பசுந்தேயிலை தவிர வேறு வருமானம் இல்லாத 65 வயது விவசாயி தன் பல் செலவுக்குக் கழிவு தேடுவதில் பொருளில்லை. அவருடைய மகனோ மகளோ சம்பளம் பெறுபவராக இருந்து, அவர்களே பல் மருத்துவருக்குப் பணம் அனுப்பியிருந்தால் அவர்கள் கணக்கில் அது பயன்படலாம். தந்தை தன் பணத்தில் கட்டிவிட்டு பில்லை மட்டும் மகனிடம் தருவது செல்லாது.

வாய்ப் புற்றுநோய் வேறு கணக்கு

80டிடிபி என்ற இன்னொரு பிரிவு, விதி 11டிடி-யில் பட்டியலிடப்பட்ட நோய்களுக்கானது. பல் நோய் எதுவும் அதில் இல்லை. ஆனால் புற்றுநோய் இருக்கிறது, வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் வேரூன்றிய இடங்களில் வாய்ப் புற்றுநோய் தூரத்துச் செய்தியன்று. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன் கெட்ட பற்களைப் பிடுங்குவது அந்தச் சிகிச்சையின் பகுதியாகவே செய்யப்படுகிறது. பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து இருப்பதே காரணம். புற்றுநோய் மருத்துவர் தம் சீட்டில் இதைச் சிகிச்சைத் திட்டத்தின் பகுதியாக எழுதியிருந்தால் அந்தச் செலவை 80டிடிபி-யில் சேர்ப்பதற்கு வலுவான அடிப்படை உண்டு. வரம்பு 40,000 ரூபாய், நோயாளி மூத்த குடிமகனானால் 1,00,000 ரூபாய். காப்பீட்டிலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வந்த தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். காப்பீடு இருப்பது இங்கே தடையாவதில்லை. இதுவும் பழைய வரி முறையில் மட்டுமே.

கழிவு கிடைத்தாலும் நட்டம் வருமா?

இதுவரை சொன்ன நிபந்தனைகள் எல்லாம் பொருந்திவிட்டன என்று வைத்துக்கொண்டாலும் கடைசியாக ஒரு கேள்வி நிற்கிறது. 2023-24 நிதியாண்டு முதல், நாமாக வேண்டாம் என்று சொல்லாவிட்டால் புதிய வரி முறையே பொருந்தும். அதில் 80டி, 80டிடிபி இரண்டும் கிடையாது. பல் செலவைக் கழிக்க வேண்டுமானால் பழைய முறைக்குப் போக வேண்டும். அப்படிப் போவதன் விலை என்ன என்பதை 2025-26 நிதியாண்டின் கணக்கில் பார்ப்போம்.

முதல் எடுத்துக்காட்டு: குன்னூரில் வசிக்கும் 67 வயது முன்னாள் வங்கி அலுவலர். பிரீமியம் ஏறிக்கொண்டே போனதால் ஓய்வு பெற்றோருக்கான குழுக் காப்பீட்டைக் கைவிட்டவர். ஓய்வூதியம் 6,40,000 ரூபாய், வைப்பு நிதி வட்டி 60,000, மொத்தம் 7,00,000. பற்களுக்கு 85,000 ரூபாய் செலவு, முழுவதும் அட்டையில் செலுத்தப்பட்டது. அதாவது, கைப்பேசிச் செய்தி சொல்லும் 50,000 ரூபாய் கழிவுக்கு முழுத் தகுதி உடையவர்.

பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, மூத்த குடிமக்களின் வைப்பு வட்டிக் கழிவு 50,000. பல் செலவு 50,000. மீதி வருமானம் 5,50,000. முதல் 3,00,000-க்கு வரி இல்லை, அடுத்த 2,00,000-க்கு 10,000, கடைசி 50,000-க்கு 10,000. கூடுதல் தீர்வையோடு 20,800 ரூபாய். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 போக 6,25,000. கணக்கிடப்படும் 11,250 ரூபாய் வரி முழுவதும் 87ஏ தள்ளுபடியில் நீங்கி, கட்ட வேண்டியது சுழியம். பல் செலவுக்குக் கழிவு வாங்கியே தீருவது என்று பழைய முறைக்குப் போனால் அவருக்கு 20,800 ரூபாய் நட்டம்.

புதிய முறையில் 12,00,000 ரூபாய் வரை (சம்பளமோ ஓய்வூதியமோ பெறுபவருக்கு நிலைக் கழிவையும் சேர்த்து 12,75,000 வரை) வரி இல்லை என்பதால், பங்கு விற்ற ஆதாயம் போன்ற தனி விகித வருமானம் இல்லாத பெரும்பாலான ஓய்வூதியர்களுக்கு விடை இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு: கோத்தகிரியில் வாடகை வீட்டில் இருந்தபடியே வேலை செய்யும் மென்பொருள் பொறியாளர். சம்பளம் 16,00,000. கோவையில் வீட்டுக் கடன். புதிய முறையில் அவருக்கு வரி 1,13,100 ரூபாய். பழைய முறை இதைவிடக் குறைய வேண்டுமானால் எல்லாக் கழிவுகளும் சேர்ந்து 6,18,750 ரூபாயைத் தாண்ட வேண்டும். அவருடைய கழிவுகள்:

1. நிலைக் கழிவு 50,000
2. சேமிப்பு, காப்பீடு ஆகியவற்றுக்கான 80சி கழிவு 1,50,000
3. வீட்டுக் கடன் வட்டி 2,00,000
4. தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கான கூடுதல் கழிவு 50,000
5. தன் மருத்துவக் காப்பீடு 25,000
6. வீட்டு வாடகைப்படி விலக்கு 1,50,000
7. காப்பீடு இல்லாத தாயின் பல் சிகிச்சை 50,000

மொத்தம் 6,75,000. வரி 1,01,400 ரூபாய். புதிய முறையைவிட 11,700 ரூபாய் குறைவு. தாயின் பல் செலவு இல்லாமலிருந்தால் அந்த மிச்சம் 1,300 ரூபாயாகச் சுருங்கியிருக்கும். பல் பில் உண்மையில் வேலை செய்வது இத்தகைய கணக்கில்தான். வீட்டுக் கடன், வாடகை, சேமிப்பு எல்லாம் ஏற்கெனவே விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்திய பிறகு, கடைசியாக வந்து சேரும் பில்லாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. பல் பில்லை மட்டும் நம்பிப் பழைய முறைக்குப் போக முடியாது.

கோருவோர் வைத்திருக்க வேண்டியவை

1. சிகிச்சை பெற்றவர் பெயர், நாள், பல், நோய், சிகிச்சை விவரம், மருத்துவரின் பதிவு எண் ஆகியவை உள்ள பில். முன்கூட்டித் தந்த மதிப்பீட்டுத் தாள் பில் ஆகாது.

2. பணம் சென்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை. மருத்துவமனை தரும் ரசீதின் தொகையும் இதன் தொகையும் பொருந்த வேண்டும். மார்ச் மாதத்தில் முன்பணமும் மே மாதத்தில் மீதியும் கட்டியிருந்தால் அவை இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்து விழும்.

3. சிகிச்சை பெற்றவரின் வயதுச் சான்று.

வரிப் படிவத்தின் 80டி அட்டவணையில் பிரீமியம், முன்தடுப்புப் பரிசோதனை, மருத்துவச் செலவு என்று தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. பல் செலவைப் பிரீமியக் கட்டத்தில் எழுதுவது தவறு. பில்களைப் படிவத்தோடு இணைக்க வேண்டியதில்லை, கேட்கும்போது காட்டினால் போதும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ‘வரி ஆண்டு’ என்ற சொல்லும் வருகிறது. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் மேற்சொன்ன எண்களையே அந்தக் கணக்கில் பயன்படுத்த வேண்டும்.

சம்பளமோ ஓய்வூதியமோ மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் இரண்டு முறைகளையும் கணக்கிட்டுப் பார்த்து, வரிப் படிவத்திலேயே எது வேண்டுமென்று குறிக்கலாம். கடை, விடுதி, சுற்றுலா வண்டி என்று வணிக வருமானம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் பழைய முறைக்குப் போக, கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் புதிய முறைக்குத் திரும்பலாம். திரும்பிவிட்டால், வணிக வருமானம் இருக்கும் வரை பழைய முறை மீண்டும் கிடைக்காது. ஓர் ஆண்டின் இம்ப்ளான்ட் பில்லுக்காக அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் முன், அடுத்த நான்கைந்து ஆண்டுகளின் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.